சிறாரொடு செல்லும் செலவு

'செலவு' என்னும் சொல் இக்காலத்திலே பணம் கைவிட்டுப் போவதையே குறித்து நிற்கின்றது. பண்டைத் தமிழில் அது செல்லுதல் என்னும் பொருளுடையதாய் வழங்கியது. பொருள் தேடிப் பிரிய நினைந்த தலைவன், தலைவியின் முகம் நோக்கித் தன் போக்கினைத் தவிர்தலைச் 'செலவழுங்குதல்' என அகப்பொருள் நூலோர் வகுத்தனர். இன்று நம் இல்லங்களிலே வேறு வகையான செலவழுங்குதல் ஒன்று நாடோறும் நிகழ்கின்றது. "கடற்கரைக்குப் போவோம்" என்று பிள்ளை கேட்கின்றது. "வெயிலாயிருக்கின்றது, வேலையிருக்கின்றது, அடுத்த கிழமை பார்ப்போம்" என்று தந்தை விடையிறுக்கின்றார். அடுத்த கிழமையும் அவ்விடையே கிடைக்கின்றது. சில ஆண்டுகள் கழியப் பிள்ளை கேட்பதையே விட்டுவிடுகின்றது. அதன் பின்னர், "இக்காலத்துப் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை" என்று நாமே குறை கூறுகின்றோம்.

இளஞ்சிறாரை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு கால்நடையாய்த் திறந்த வெளியிற் சென்று வருதலே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். அத்தகைய செலவினால் விளையும் பயன் யாது, நம் முன்னோர் அதனை எவ்வாறு போற்றினர், இந்நாளில் அதனைத் தீங்கின்றி நடத்துமாறு எங்ஙனம் என்னும் மூன்றினையும், புத்தளம் மாவட்டத்துக் கரைத்தீவுக் கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒருவாறு விளக்குதும்.

நிலத்தின் இயல்பு

ஈழத்திலே இப்பெயரொடு ஒத்தொலிக்கும் ஊர்கள் வேறு இரண்டுள. யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள காரைநகர் 1923 ஆம் ஆண்டுவரை காரைதீவு என்றே வழங்கிற்று. கீழ்க்கரையிலே அம்பாறை மாவட்டத்துக் காரைதீவு, 1892 இல் விபுலானந்த அடிகள் பிறந்த ஊராகும். ஆங்கில எழுத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினும் தமிழில் ஒரு கால் எழுத்து அவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். நாம் கூறும் கரைத்தீவு, கற்பிட்டி முனைக்கு வடபால், ஒல்லாந்தர் குடா என்றும் போர்த்துக்கல் குடா என்றும் பெயர் பெற்ற நீர்ப்பரப்புக்களை அடுத்துள்ள மணற்பாங்கான கரைநிலம்.

இதற்குத் தெற்கே ஏறத்தாழ 327 சதுரக் கிலோமீற்றர் பரப்புடைய புத்தளக் களப்பு விரிந்து கிடக்கின்றது. ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேன மன்னன் கட்டுவித்த கலாவாவியின் நீரை ஏந்தி வரும் கலா ஓயா, எழுவன்குளத்தைக் கடந்து கங்கைவாடி அருகே இந்நீர்ப்பரப்பிற் கலக்கின்றது. அக்கழிமுகத்திலேயுள்ள கண்டற்காடு இலங்கையிலுள்ள பெரிய கண்டற்காடுகளுள் ஒன்றாக எண்ணப்படுவது. ஆற்றின் வடகரையிலே வில்பத்துக் காடு தொடங்குகின்றது. 1938 ஆம் ஆண்டு தேசிய வனமாக்கப்பட்ட அக்காடு 1,300 சதுரக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையது. 'வில்லு' எனப்படும் இயற்கைக் குளங்கள் அதன் தனிச் சிறப்பாம். ஆகவே கடல், களப்பு, கண்டல், ஆறு, முட்காடு என்னும் ஐந்தும் ஒரு குழந்தையின் ஒரு நாளைக்குள் அடங்குமாறு இங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. இத்தகைய நிலம் கல்வி கற்பிப்பதற்கு மிகவும் ஏற்றதென்பது வெளிப்படை.

முன்னோர் கண்ட நெறி

சிறாரை வெளியே கொணர்தல் மேனாட்டாரிடமிருந்து நாம் கற்றதொரு புதுமை எனச் சிலர் கருதுப. நம் இலக்கிய மரபினை நோக்கின் அக்கருத்து நில்லாது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கின்றது. தொடக்கத்திலுள்ள பருவங்கள் தொட்டிலையும் மடியையும் விட்டு நீங்காதவை. பதின்மூன்றாந் திங்களில் வருகைப் பருவம் வருகின்றது. குழந்தை தளர்நடையிட்டு வருமாறு அழைக்கப்படுகின்றது. அதற்கடுத்து அம்புலிப் பருவம்; முற்றத்துக்குக் கொண்டு சென்று வானத்து மதியைக் காட்டி, அதனை விளையாட வருமாறு அழைக்கும் பருவம் அது. ஆண்பாற்குரிய சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாற்குரிய நீராடல், ஊசல் என்பனவும் வீட்டுக்குப் புறத்தே நிகழும் விளையாட்டுக்களையே பொருளாகக் கொண்டன. நடக்கக் கற்ற குழந்தைக்குரிய இடம் வெளியே என்பது இம்மரபினால் இனிது பெறப்படும். கடற்கரை மணலிலே சிறுமியர் சிற்றில் இழைத்தலும் அதனை அலை வந்து அழித்தலும் சங்கச் செய்யுட்களில் நெய்தற்குரிய காட்சிகளாய்ப் பயின்று வருவனவாம்.

நெடுவழி நடத்தலும் நமக்குப் புதியதன்று. செல்வச்சந்நிதியிலிருந்து கீழ்க்கரை வழியே கதிர்காமத்துக்குச் செல்லும் பாதயாத்திரையிலே முதியோரும் மகளிரும் சிறாரும் ஒரே கூட்டமாய் வாரக்கணக்கில் நடப்பர். குமண, யால வனங்களினூடே செல்லும் இறுதிப் பகுதி இன்றும் காட்டுவழியே. 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத மலையிலே, மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரையுள்ள காலத்திற் கைக்குழந்தைகளைத் தோளிற் சுமந்து ஏறும் தந்தையரைக் காணலாம். இவ்வழிநடைகளில் எழுதப்படாத விதி ஒன்றுண்டு: கூட்டத்திலே மிக மெல்ல நடப்பவர் எவரோ, அவருடைய நடையே அனைவருக்கும் உரிய நடையாகும்.

அம்மலைக்கு நடந்தோருள் உலகறிந்த ஒருவர் புத்தளக் கரையிலிருந்தே புறப்பட்டார் என்பது ஈண்டு நினைத்தற்பாலது. 1344 ஆம் ஆண்டிலே மொறோக்கோ நாட்டு இபின் பதூதா இக்கரையில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, மலையைத் தரிசிக்கும் தம் விருப்பினைத் தெரிவித்தார். மன்னன் ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், தன் ஏவலர் பதின்மரையும், உணவு சுமப்பதற்குப் பதினைவரையும் அவருடன் அனுப்பினான் என்று அவரது பயண நூல் கூறுகின்றது. பாதி உலகைச் சுற்றிய அப்பெரியாரே வழியறிந்தோரையும் வேண்டிய உணவினையும் துணைக்கொண்டன்றி அடியெடுத்து வைத்திலர். நான்கு வயதுப் பிள்ளையோடு செல்லும் நாம் இதனை மறத்தல் தகாது.

இடையில் அறுந்த தொடர்ச்சி

இவ்வளவு பழைமையான வழக்கம் நம்மிடையே தளர்ந்தது ஏன்? தொலைக்காட்சியும் கைப்பேசியும் தனி வகுப்புக்களும் காரணங்கள் என்பது உண்மையே. ஆயின் ஈழத்தவருக்கு வேறொரு காரணமும் உண்டு. 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்திலே கடற்கரையும் காடும் விளையாடும் இடங்களாய் இருக்கவில்லை. பாதையை விட்டு விலகாதே, கிடப்பதைத் தொடாதே, பொழுது சாயுமுன் வீடு திரும்பு என்பனவே அக்காலத்துப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த அறிவுரைகள். 1990 ஆம் ஆண்டு ஐப்பசியில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பல்லாயிரவர் இக்களப்பைச் சூழ்ந்த ஊர்களிலே வந்து தங்கினர். தாம் நீந்திய குளத்தையும் ஏறிய மரத்தையும் தம் மக்களுக்குக் காட்ட இயலாதவராய் அவர்கள் பல்லாண்டு வாழ நேர்ந்தது. வில்பத்து வனமும் நெடுங்காலம் மூடப்பட்டு, 2003 இல் திறக்கப்பட்டு, 2006 இற் சுற்றுலாச் சென்றோர் கண்ணிவெடியால் உயிரிழந்த பின் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த பின்னரே நிலையாகத் திறந்தது.

அன்று "வெளியே போகாதே" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளே இன்று தந்தையரும் தாயரும் ஆவர். எந்த நேரத்திற் புறப்படுவது, எவ்வளவு நீர் எடுப்பது, எந்த மரத்தைத் தொடலாகாது என்பன தந்தை மகற்குக் காட்டி வரும் அறிவு. ஒரு தலைமுறை காட்டாதொழியின் அடுத்த தலைமுறை அதனை இழந்துவிடும். அவ்விழப்பினை யாம் எம் குழந்தையின் முகத்திலே கண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஓர் ஆவணி மாதத்து விடுமுறையில், ஆறும் நான்கும் வயதுடைய எம் மக்கள் இருவரோடு இக்கரைக்குச் சென்றோம். சோறு சமைத்துக் கட்டிக்கொண்டு புறப்படவே பத்து மணியாயிற்று. மணலில் நடந்தோம். "அந்த வளைவுவரை", "அந்தப் படகுவரை" என்று யாமே பிள்ளைகளை ஊக்கினோம். கொண்டு சென்ற நீர் வழியிலேயே தீர்ந்தது. சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தமையால் வெயிலின் கொடுமை எமக்குத் தோன்றவில்லை. திரும்பும்போது இளையவள் பேச்சடங்கி, முகஞ் சிவந்து, இருமுறை வாந்தியெடுத்துத் தோளிற் சாய்ந்துவிட்டாள். அண்மையிலிருந்த மீனவர் வாடியொன்றில் ஓர் அம்மையார் குழந்தையை வாங்கி, ஓலை நிழலிற் கிடத்தி, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, சிறிது சிறிதாய் நீர் பருகச் செய்தார். அரைமணி நேரத்தின் பின் குழந்தை கண் திறந்து தாயைக் கேட்டாள். எம்மை அவர் கடிந்துகொள்ளவில்லை. "கடல் எங்கயும் போகாது, சேர். விடியக் காலையில கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் கூறினார். பிற்பாடு மருத்துவரிடம் காட்டியபோது, குழந்தை பிழைத்தது அந்நிழலினால் என்றார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்நாளே.

பயன் யாது?

இத்துணை இடருண்டெனின் வீட்டிலிருத்தலே நன்றன்றோ என வினவலாம். அன்று. வீட்டிலிருத்தலாலும் இடருண்டு, அது மெல்ல வருதலின் நமக்குப் புலப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடமேனும் உடலியக்கத்தில் ஈடுபடல் வேண்டும். திரை முன் இருக்கும் நேரம் இரண்டு வயதுக்குமேல் ஒரு மணிக்கு மேற்படலாகாது. அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அது வேண்டியதே இல்லை.

கண்ணைப் பற்றிய ஆராய்ச்சி இன்னும் தெளிவானது. சீனத்துக் குவாங்சௌ நகரிலே பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளின் முதலாம் வகுப்பு மாணவரை இரு பிரிவினராக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் பள்ளி நாளொவ்வொன்றிலும் 40 நிமிடம் வெளியே கழிக்க ஏற்பாடு செய்தனர். மூன்றாண்டு கழிந்தபின் கிட்டப்பார்வைக் குறை புதிதாய்த் தோன்றியோர், வெளியே சென்ற பிரிவில் நூற்றுக்கு 30.4 பேர், செல்லாத பிரிவில் 39.5 பேர். 2015 இல் வெளியான இம்முடிவுக்குப் பகலொளியே முதற் காரணம் எனக் கருதுகின்றனர். தொடுவானத்தை நோக்கப் பழகாத கண் குறுகிப் போதல் இயல்பே.

உள்ளத்துக்குரிய பயனைக் கல்வியாளர் முன்னரே உணர்ந்தனர். செருமனியிலே 1837 ஆம் ஆண்டு பாலர் பள்ளியொன்றை நிறுவிய புறோபல் என்பார், பின்னர் அதற்குச் 'சிறுவர் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரையே இட்டார். 1901 இற் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கிய தாகூர் மரநிழலிலே வகுப்பு நடத்தினார். குழந்தை பொருளைக் கண்டபின் பெயரைக் கற்பது ஒரு முறை. பெயரைக் கற்றுப் பொருளைக் காணாமலே தேர்வெழுதுவது மற்றொரு முறை. நம் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாம் முறையிலேயே கற்கின்றனர். நெய்தல் நிலத்துக் கருப்பொருளை மனனஞ் செய்த மாணவன், கண்டல் மரத்தின் முன் நின்றும் அதனை அறியாதிருப்பது இதனாலேயே.

செல்லுமாறு

இனிச் செல்லும் முறையை ஆராய்வாம். முதற்பொருள் நிலமும் பொழுதும் என்றார் தொல்காப்பியர். நிலத்தை மேலே கூறினாம். பொழுதினைத் தேர்தல் அதனினும் இன்றியமையாதது.

பெரும்பொழுதுள் தை முதல் பங்குனி வரை உள்ள காலம் இக்கரைக்கு மிகவும் ஏற்றது. வாடைக்காற்றோடு வரும் மாரிமழை அப்போது ஓய்ந்திருக்கும். மேல்கடல் அமைதியாயிருக்கும். வடநாடுகளிலிருந்து வந்த பறவைகள் இன்னும் திரும்பியிரா. சித்திரை வெப்பம் மிக்கது. அதன்பின் சோளகம் எழுந்து புரட்டாசி வரை வலிமையாய் வீசும். அலையும் மணலும் சிறாரைத் துன்புறுத்தும். அக்காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுதலின், உடல் நீர் இழப்பதை நாம் உணர்வதில்லை. எமக்கு நேர்ந்த பிழை இதுவே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் கலா ஓயா பெருக்கெடுக்கும். எழுவன்குளத்துத் தாழ்ந்த பாலத்தின்மேல் வெள்ளம் பாயுங்கால் அதனைக் கடக்க முயல்தல் அறிவுடைமையன்று.

சிறுபொழுதுள் நெய்தலுக்கு உரியது எற்பாடு, அஃதாவது பொழுது சாயும் வேளை. பகலிலே நிலம் நீரினும் விரைந்து சூடேற, அதன்மேலுள்ள காற்று எழும்ப, கடலின்மேலுள்ள குளிர்ந்த காற்று கரை நோக்கி வரும். ஆதலின் நான்கு மணிக்குப் பின் கடற்கரை இனிதாகின்றது. காட்டோரத்துக்கும் கண்டலுக்கும் விடியற்பொழுது சிறந்தது. ஆறரை மணிக்கு நடக்கத் தொடங்கி ஒன்பதரைக்குள் நிழலுக்குத் திரும்புதல் நன்று. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட வேளையை உறக்கத்துக்கும் கதைக்கும் விட்டுவிடுக. குழந்தையின் உடல் நிறைக்கு ஒப்ப அதன் தோற்பரப்பு மிகுதி. ஆதலின் வெப்பமும் அதனுட் பெரியோரினும் விரைந்து புகும். அன்றியும், சுடுமணலுக்கு அண்மையிலே நடப்பதும் அதுவே.

தூரத்தைப் பொறுத்தவரை எம் பட்டறிவு இது: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் போகவர இரண்டு கிலோமீற்றர் போதும்; எட்டு வயதுப் பிள்ளைக்கு நான்கு போதும். மணலில் நடத்தல் தரையில் நடத்தலினும் இருமடங்கு களைப்பூட்டும். குழந்தை ஓரிடத்தை அடைவதற்காக நடப்பதில்லை. நண்டின் வளையருகே கால்மணி நேரம் குந்தியிருப்பதே அதற்குச் செலவின் பயன். 'விரைந்து வா' என்னும் சொல்லைத் தந்தை எத்தனை முறை சொல்லுகின்றாரோ அத்தனைக்கு அச்செலவு கெட்டதென்க. கூட்டத்திற் பெரியோர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாகச் செல்லல் வேண்டும். பின் செல்பவர் ஒருபோதும் பிள்ளையை முந்துதல் கூடாது.

கொண்டு செல்வன மிகுதியாய் வேண்டா. அரைநாட் செலவுக்குப் பிள்ளையொன்றுக்கு ஒரு லீற்றர், பெரியோர்க்கு இவ்விரண்டு லீற்றர் நீர்; கேட்கும்வரை காத்திராது, கால்மணிக்கொருமுறை சிறிது பருகச் செய்தல்; அகன்ற விளிம்புள்ள தொப்பி; முழுக்கை பருத்திச் சட்டை; வாரிறுக்கிய செருப்பு. உணவுக்குப் புளிச்சோறும் வாழைப்பழமும் பொரிவிளாங்காயும் போதும். சமையலுக்காகக் காலைப்பொழுதை இழத்தல் பெரும் பிழை. முதல்நாள் இரவே கட்டிவைக்கத்தக்க உணவே சிறந்தது.

காட்டத்தக்கன

கண்டற்காட்டின் ஓரத்திலே சிறாருக்குக் காட்டத்தக்க புதுமைகள் பல. கண்டல் மரம் சேற்றில் முட்டுக் கொடுத்தாற் போன்ற வேர்களின்மேல் நிற்பது. அதன் வித்து மரத்திலிருக்கும்போதே முளைத்து, நீண்ட காய்போலத் தொங்கி, பின்னர் விழுந்து சேற்றில் ஊன்றியோ நீரில் மிதந்து சென்றோ வேர் கொள்ளும். குட்டி ஈனும் விலங்குபோலப் பிள்ளையை ஈனும் மரம் இது என்று கூறின் ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும். கண்ணா மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து எழுதுகோல்போல மேல்நோக்கி நிற்பன அதன் மூச்சுவேர்கள். காற்றுப் புகாத சேற்றிலே வேர் மூச்சுவிடும் வழி அது. அதன் இலையை நாவினால் தொட்டால் உப்புச் சுவைக்கும். உறிஞ்சிய உப்பை இலைவழியே அம்மரம் வெளிவிடுகின்றது. ஒரு கை பெருத்தும் ஒரு கை சிறுத்தும் உள்ள ஆண் நண்டுகள் பெருங்கையை அசைத்துப் பெண் நண்டுகளை அழைப்பதும், சேற்றின்மேல் துள்ளிச் செல்லும் சிறு மீன்களும், அசையாதிருந்து நோக்குவோருக்கே புலனாகும். அசையாதிருத்தலைக் குழந்தை இங்கே தானாகவே கற்கும்.

தில்லை மரத்தை மட்டும் தொடவிடலாகாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த அம்மரம் இக்கழிகளிலும் வளர்வது. அதன் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணிற் பட்டாற் சில காலம் பார்வையைக் கெடுக்கும். பெருமானின் பதிக்குப் பெயர் தந்த மரம், தொலைவில் நின்று கும்பிடுக என்று எம் மக்களுக்குச் சொல்லிவைத்தோம். அவர்கள் இன்றும் அங்ஙனமே செய்கின்றனர்.

பிள்ளை சிறிது வளர்ந்தபின், கருப்பொருளைத் தேடும் விளையாட்டு ஒன்றைத் தொடங்கலாம். உணவு, விலங்கு, மரம், புள், தொழில் எனத் தாளில் வரைந்து, கண்டவற்றை எழுதச் செய்க. களப்போரத்தில் மீனும் உப்பும், நாரையும் நீர்க்காகமும், புன்னையும் தாழையும், வலை முடிதலும் உப்பு விளைத்தலும் வந்து நிரம்பும். எழுவன்குளத்துப் பக்கம் திரும்பினால் மானும் மயிலும் பாலை மரமும் எழுதப்படும். நெய்தலும் முல்லையும் வேறு வேறாதலை அக்குழந்தை தன் காலால் நடந்து அறிந்துகொள்ளும். அவ்வறிவு தேர்வின் பின்னும் மறவாது.

பத்து வயதுக்கு மேற்பட்டோர்க்கு வரலாறும் இங்குண்டு. வில்பத்துக்குள் அடங்கிய பொம்பரிப்பிலே பழைய தாழிக்காடு ஒன்று உளது. 1970 ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விமலா பெக்லி அங்கே அகழ்ந்து ஆராய்ந்தார். கருப்பும் சிவப்புமான மட்கலங்களும் தாழியில் இட்டுப் புதைக்கும் முறையும் பொருநைக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரை நினைவூட்டுவன. வடக்கே செம்மண் பாறையாய்க் கடலை நோக்கி நிற்பது குதிரைமலை. கிளாடியசு மன்னன் காலத்தில் செங்கடலிலிருந்து காற்றால் அடித்துவரப்பட்ட உரோமர் ஒருவர் 'இப்புரோசு' என்னும் துறையை அடைந்தார் எனப் பிளினி எழுதியுள்ளார். கிரேக்கத்திற் குதிரையைக் குறிக்கும் சொல்லோடு அப்பெயர் இயைதலின் அத்துறை குதிரைமலையே எனக் கொள்வாருளர்.

காக்குமாறு

அச்சமின்மை வேறு, அறியாமை வேறு. சிறாரை வெளியே அழைத்துச் செல்வோர் பின்வருவனவற்றை உறுதியாய்க் கடைப்பிடித்தல் வேண்டும்.

நீர் முதலாவது. உலகெங்கணும் சிறாரின் உயிரைக் கவரும் தலையாய காரணங்களுள் நீரில் மூழ்குதல் ஒன்று. குழந்தை மூழ்கும்போது பெரும்பாலும் கூவுவதில்லை, ஓசையின்றியே தாழும். நீரருகே இருக்கும்வரை ஒருவர் வேறு பணியின்றி, கையெட்டும் தொலைவில் நின்று காத்தல் வேண்டும். கைப்பேசி அவர் கையில் இருத்தலாகாது. 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்பது ஒருவரும் பார்க்கவில்லை என்பதற்கே இடமாகும். இக்கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவே; அஞ்சத்தக்கன அலையும் களப்புவாயின் நீரோட்டமுமாம். வில்பத்தின் நீர்நிலைகளிலும் அடுத்துள்ள ஆறுகளிலும் முதலைகள் வாழ்தலின், ஆற்றோரத்தில் நீராடவோ கைகழுவவோ சிறாரை விடலாகாது.

காடு இரண்டாவது. வில்பத்துக்குள் நடந்து செல்லுதல் விதிக்கு மாறானது. ஊர்தியிலிருந்து, குறிக்கப்பட்ட இடங்களிலன்றி, இறங்குதல் கூடாது. யானையும் கரடியும் சிறுத்தையும் எல்லைக்கோட்டை அறியாமையால், வனத்துக்கு வெளியிலும் காட்டோரப் பாதைகளில் விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் நடவாதிருத்தல் வேண்டும். ஊரவர் ஒருவரைத் துணைக்கொள்க. புதிய வழியை ஊரவர் வேண்டாமென்றால் வாதாடற்க.

பாம்பு மூன்றாவது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இவ்வறண்ட நிலத்துக்குரியன. கடியுண்டவிடத்துக் கீறுதலும், உறிஞ்சுதலும், இறுகக் கட்டுதலும் தீங்கே செய்யும். கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, குழந்தையை நடக்கவிடாது தூக்கி, புத்தளத்து அரசினர் மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்லுதலே முறை. 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் கட்டணமின்றி நோயாளர் வண்டி வரும். வெப்பத்தால் தளர்ந்த குழந்தைக்கு நிழலும் ஈரத்துணியும் சிறிது சிறிதாய் நீரும் முதலுதவி. வாந்தி நில்லாதாயினும், பேச்சுத் தடுமாறினும், மயங்கினும் காலந் தாழ்த்தாது மருத்துவரை நாடுக.

முடிவுரை

இந்நிலத்துக்கும் நம் பிள்ளைகளுக்கும் உள்ள தொடர்பு ஒருவழிப்பட்டதன்று. 1980 களிலிருந்து புத்தளக் கரையின் கண்டற்காடுகளுட் பெரும்பகுதி இறால் வளர்ப்புக் குளங்களுக்காக அழிக்கப்பட்டது. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவி இறால்கள் மடிய, பல குளங்கள் கைவிடப்பட்டு வெற்றுநிலமாய்க் கிடந்தன. மரமும் போயிற்று, இறாலும் போயிற்று. 2015 இல் இலங்கை தன் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டமொன்றை அறிவித்தது. சட்டம் காட்டை ஓரளவே காக்கும். கண்டலைக் கண்டலென்றும் கண்ணாவைக் கண்ணாவென்றும் சிறுவயதிலேயே அறிந்த ஒருவர் அதனை வெட்டுமுன் சற்று நின்று எண்ணுவார். பெயரறியாதவருக்கு அது வெறும் புதர்.

ஆதலின் பெற்றோர்க்கும், நாளை பெற்றோராகப் போகும் மாணவர்க்கும் யாம் விண்ணப்பிப்பது இதுவே. மாதத்துக்கு ஒரு காலைப்பொழுதைப் பிள்ளைகளுக்கென ஒதுக்குக. கரைத்தீவு தொலைவாயின் உம் ஊர்க் குளக்கட்டுப் போதும். கொண்டு சென்ற பொதிகளின் குப்பையைத் திரும்பக் கொண்டு வருக. சிப்பியையும் நண்டையும் அங்கேயே விட்டு வருக. எம் இளையவள் இவ்வாண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள், விடியலில், அதே கரையிலே எமக்கு முன் நடந்தாள். அந்த வாடியின் வாயிலில் நின்று, தான் கொணர்ந்த பொங்கலை அவ்வம்மையாரிடம் கொடுத்தாள். அவர் அவளை அடையாளங் கண்டிலர். யாம் சொல்லியபின் சிரித்து, "இப்ப நேரத்துக்கு வந்திருக்கீங்க" என்றார்.